குளிர்மேல் போட்ட பழி

என்னை நானே முட்டாள் என்று சொன்னால் மரியாதைக்காவது நீங்கள் "சேச்சே" என்பீர்கள். அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம். நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒருநாள், விடிந்தும் விடியாத நேரத்தில், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றிருந்தேன். தலைக்கு மேல் போர்வை. கதவைத் திறந்தால் உள்ளே பல்பு எரியுமே, அது எரியாமல் இருக்க ஓரத்திலிருக்கும் பொத்தானை ஒரு விரலால் அமுக்கிப் பிடித்திருந்தேன். வலது காதுப் பக்கம் தோசை மாவு. இடது காதுப் பக்கம் முந்தின நாள் புளிக்குழம்பு. நான் கெமிஸ்ட்ரி வாத்தியார் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் வேறு மாதிரி நினைத்துக்கொள்வீர்கள்.

என் மனைவி கறிவேப்பிலை எடுக்க வந்தாள்.

"வேர்க்குதுன்னா ஃபேனப் போட வேண்டியதுதான" என்றாள்.

பரிசோதனை செய்கிறேன் என்றேன். வாத்தியாரோடு குடித்தனம் நடத்திப் பழகியவள். என் அக்குளுக்கடியில் கையை விட்டுக் கறிவேப்பிலையை உருவிக்கொண்டு போய்விட்டாள்.

உள்ளே நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு பச்சை வளையல். முந்தின நாள் சாயங்காலம் தேனியில் ஒரு கல்யாண வரவேற்பில் குழந்தைகளுக்குக் கொடுத்தார்கள். எனக்கும் ஒன்று என்று கையை நீட்டினேன், கொடுக்க வந்த பெண் என் நரையைப் பார்த்துக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் தந்தாள். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பென்சில் கனத்தில் ஒரு பிளாஸ்டிக் குச்சி. வளைத்தால் உள்ளே 'டிக்' என்று ஏதோ உடையும். உடனே குச்சி முழுக்கப் பச்சையாக ஒளிரும். திரியும் கிடையாது, பேட்டரியும் கிடையாது, தொட்டால் சுடாது. திருவிழாக்களில் பலூன்காரர்கள் தோளில் மாலை மாலையாகப் போட்டுக்கொண்டு விற்பார்கள். அன்றைக்கு மணமகளின் அப்பா ஜெபராஜ். என் சேக்காளி. அவனைப் பற்றிச் சொல்லத்தான் ஃபிரிட்ஜிலிருந்து தலையை வெளியே எடுத்திருக்கிறேன்.

அந்த வளையலை மூக்கருகே கொண்டுபோனால் ஒரு வாசனை வரும். புது பிளாஸ்டிக், பலூனில் தடவிய பவுடர். எனக்கு மட்டும் அதோடு ஏலக்காயும் சேர்ந்து வந்தது. குச்சியில் ஏலக்காய் கிடையாது. போடி பஜாரில் ஜெபராஜின் அப்பா வைத்திருந்த ஃபேன்சி ஸ்டோருக்கு அடுத்த கடை ஏலக்காய் மண்டி. அந்தத் தெருவில் சீப்பு வாங்கினாலும் அதில் பாயச வாசனை அடிக்கும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போட்டுக்கொண்டு போகிற ஜெபராஜின் வெள்ளைச் சட்டைகூட அப்படித்தான் மணக்கும். பக்கத்தில் உட்கார்கிறவர்களுக்குப் பிரசங்கம் முடிவதற்குள் பசித்துவிடும் என்று அவனைக் கேலி செய்வேன்.

நான் அனுமந்தன்பட்டிக்காரன். வீட்டில் திராட்சைத் தோட்டம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்துப் பந்தலுக்கு மருந்தடிப்பார்கள். நீலத் தண்ணீரில் வெள்ளைத் தண்ணீரை ஊற்றினால் வானத்தைக் கலக்கிவிட்ட மாதிரி ஒரு நிறம் வரும். அதை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றதை என் அப்பா படிப்பில் ஆர்வம் என்று தப்பாக எடுத்துக்கொண்டார். அப்படித்தான் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி ஆனேன். முடித்துவிட்டு வேலை கிடைக்காமல் இருந்த நாட்களில் பஸ் ஏறிப் போடிக்குப் போய் ஜெபராஜின் கடையில் உட்கார்ந்திருப்பேன். பொட்டு அட்டையைத் தூசி தட்டுவேன், வளையலை அளவு வாரியாக அடுக்குவேன். கடைக்கு வருகிறவர்களிடம் ஜெபராஜ் என்னைக் காட்டி, "நம்ம கடை விஞ்ஞானி" என்பான். கேலியாகத்தான் சொன்னான். எனக்கு அது வேலை நியமன உத்தரவு மாதிரி இருந்தது.

அப்போதுதான் இந்தக் குச்சி எங்கள் பக்கம் முதன்முதலாக வந்து இறங்கியது. வெள்ளித்தாள் உறைக்குள் ஒவ்வொன்றாக அடைத்து, பெட்டி பெட்டியாக. ஜெபராஜ் முதல் குச்சியை உடைத்ததும் பயந்துபோய்க் கீழே போட்டுவிட்டான்.

"ஏலே, இது எப்படிடா எரியுது" என்றான்.

அந்த ஒரு கேள்விக்காகவே நான் மூன்று வருடம் படித்திருந்தேன். மத்தியானம் கூட்டமில்லாத நேரத்தில் ஷட்டரை இறக்கச் சொன்னேன். எதிரே இருந்த ஜூஸ் கடையில் ஐஸ் தண்ணீர் ஒரு கிளாஸ், டீக்கடையில் வெந்நீர் ஒரு கிளாஸ், எங்கள் குடத்திலிருந்து பச்சைத் தண்ணீர் ஒரு கிளாஸ். மூன்று குச்சிகளை ஒரே நேரத்தில் உடைத்து மூன்றிலும் போட்டோம்.

வெந்நீரில் போட்ட குச்சி மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி பளீரென்று எரிந்தது. ஐஸ் தண்ணீரில் போட்டது மங்கலாக, ஆனால் அணையாமல். ஜெபராஜ் மூன்றையும் மாறி மாறிப் பார்த்தான். நான் அவனுக்குப் பாடம் எடுத்தேன்.

வெளிக்குழாயில் ஒரு திரவம், அதோடு கலந்த சாயம். அதற்குள்ளேயே தையல் ஊசி மாதிரி மெல்லிய கண்ணாடிக் குழாய், அதில் ஹைட்ரஜன் பெராக்சைடு. நடுச்சுவர் வைத்துப் பிரித்துக்கொண்ட பங்காளி வீடு மாதிரி என்றேன். வளைத்தால் நடுச்சுவர் இடிகிறது. இரண்டு பங்காளிகளும் கட்டிப் புரள்கிறார்கள். அந்தச் சண்டையில் ஒரு புதுப்பொருள் பிறக்கிறது. அதற்கு நிற்கப் பொறுமை கிடையாது. பிறந்த உடனே கரியமில வாயுவாகச் சிதறிவிடும். சிதறும்போது தன்னிடமிருக்கும் சக்தியைச் சாயத்தின் கையில் கொடுத்துவிட்டுப் போகும். சாயம் ஓட்டைக்கை, வாங்கியதை வைத்துக்கொள்ளத் தெரியாது, வெளிச்சமாக வெளியே விட்டெறிந்துவிடும். பச்சைச் சாயமானால் பச்சை, மஞ்சளானால் மஞ்சள். சூடு பட்டால் சண்டை வேகமாக நடந்து சீக்கிரம் முடியும். குளிர்ந்தால் மெதுவாக நடந்து நெடுநேரம் இழுக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, அவன் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொன்னேன். அங்கேதான் என் வாய் எனக்கே எதிரி. அவர்கள் கடை மாடியில் தகரக் கொட்டகை போட்ட ஒரு அறை உண்டு. மிச்சச் சரக்கையெல்லாம் அங்கேதான் ஏற்றுவார்கள். கோடையில் அங்கே மெழுகுவர்த்திகள் பெட்டிக்குள்ளேயே குனிந்து கும்பிடு போட்டுக்கொண்டிருக்கும்.

"குச்சிய மாடியில மட்டும் ஏத்திராத மாப்ள. வெக்கையில உடைக்காமலே உள்ள இருக்க பெராக்சைடு செத்துரும்" என்றேன்.

ஜெபராஜ் கொஞ்சம் யோசித்தான். "செத்துருச்சுன்னு வெளியில பாத்தாத் தெரியுமா?"

"தெரியாது. உடைச்சாத்தான் தெரியும்."

நல்ல கேள்வி கேட்டான் என்று முதுகில் தட்டிக் கொடுத்தேன். கல்லூரியில் என்னை யாரும் அப்படித் தட்டியதில்லை. அந்த ஏக்கத்தையெல்லாம் சேர்த்து அவன் முதுகில் தட்டினேன்.

இரண்டு கோடை போயிருக்கும். போடியில் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்திருந்த செல்லத்தாயி என்கிற அம்மா கடைக்கு வந்தார். மேகமலை எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்தெடுக்கிறவர். கண்ணாடி வளையல் வாங்க வந்தவர், கடை விதானத்தில் நான் எரியவிட்டுத் தொங்கவிட்டிருந்த ஒரு குச்சியைப் பார்த்துவிட்டார்.

எஸ்டேட்டில் அவர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயன் வீடுகளுக்கென்று ஒரு மாரியம்மன் கோயில் உண்டு. சித்திரையில் கும்பிடு, அதுதான் அவர்கள் திருவிழா. இருட்டறையில் வைத்து வளர்த்த முளைப்பாரியைத் தலையில் தூக்கிக்கொண்டு பெண்கள் பொழுது சாயும்போது கோயிலுக்குப் போவார்கள். ஒவ்வொரு பாரிக்கு நடுவிலும் ஒரு அகல்விளக்கைச் செருகி வைப்பது அந்த லயத்து வழக்கம். ஆனால் மேகமலைச் சாரல் விளக்கை விடுமா. பத்தடி போவதற்குள் அணைந்துவிடும். ஆண்கள் பெட்ரோமாக்ஸை முன்னும் பின்னும் தூக்கிக்கொண்டு வருவார்கள். இவர்கள் அந்த வெளிச்சத்தில், விளக்கில்லாத பாரியைத் தூக்கிக்கொண்டு நடப்பார்கள். வருஷா வருஷம் முன்னால் நடக்கிறவர் செல்லத்தாயி. அது அவருக்கு ஒரு குறையாகவே இருந்தது.

"இது மழையில அணையாதா?" என்று கேட்டார்.

"தண்ணிக்குள்ள முக்குனாலும் எரியும்" என்றேன்.

"குளிருக்கு?"

"குளிருக்கு இன்னும் நேரங்கூட எரியும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். ஜெபராஜ் கல்லாவிலிருந்து, "கெமிஸ்ட்ரி படிச்சவரு சொல்றாரு, நம்புங்கக்கா" என்றான். அவர் நம்பினார். அந்த வருடம் பெட்ரோமாக்ஸே வேண்டாம், பாரி வெளிச்சத்திலேயே போவோம் என்று லயத்தில் எல்லாரிடமும் பேசி முடித்துவிட்டார். அந்தப் பெட்ரோமாக்ஸ் வேறொரு கோயிலுக்குப் போய்விட்டது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

லயத்துக் கும்பிடும் வீரபாண்டித் திருவிழாவும் ஒரே வாரத்தில் வந்தன. ஜெபராஜ் வீரபாண்டியில் கடை போட்டிருந்தான். என்னோடு மலைக்கு வருவதாகச் சொன்னவன், கடையை விட்டு வர முடியாது மாப்ள என்று சொல்லிவிட்டு, ஒரு பெட்டியை என் கையில் கொடுத்துச் சின்னமனூர் ஜீப்பில் ஏற்றிவிட்டான். ஜீப் கிளம்பும்போது ஒரு முறுக்குப் பொட்டலத்தை வேறு ஓடி வந்து மடியில் போட்டான். அந்த முறுக்கைத்தான் இன்றைக்கும் மறக்க முடியவில்லை.

மேகமலைப் பாதை அப்போது பாதையே இல்லை, கல்லைக் கொட்டி வைத்த ஒரு நோக்கம் மட்டும்தான். ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே கண்ணாடி உடைந்து குச்சிகள் பெட்டியிலேயே எரிந்துவிடுமோ என்று பெட்டியைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டேன். ஒன்றை உடைத்துப் பார்த்திருக்கலாம் என்று நீங்கள் கேட்பீர்கள். எனக்கும் தோன்றியது. ஆனால் இந்தக் குச்சியில் ஒரு சங்கடம், சோதித்துப் பார்த்தால் அந்தக் குச்சி போய்விடும்; ஒரு பாரிக்குக் குறையும். அதோடு ஜெபராஜ் கொடுத்த பெட்டியை நான் சோதிப்பதாவது.

பொழுது சாயும்போது பெண்கள் லயன் வீடுகளுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். தலையில் முளைப்பாரி. வெயிலே படாமல் வளர்ந்த வெளிறிய மஞ்சள் முளைகள், நடுவில் ஆளுக்கொரு குச்சி. சாரல் அடித்தது. நான் ஒரு கல்மேல் ஏறி நின்று, எல்லாரும் ஒரே நேரத்தில் உடைக்க வேண்டும், நான் மூன்று எண்ணுவேன் என்று அறிவித்தேன். அந்த அழகை ஒரே வீச்சில் பார்க்க வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். ஒன்று, இரண்டு, மூன்று. வரிசை முழுக்க டிக், டிக், டிக் என்று நெட்டி முறிக்கிற மாதிரி சத்தம்.

கண்ணைத் திறந்தேன். மூடியிருந்தபோது எவ்வளவு இருட்டோ அவ்வளவு இருட்டு.

இரண்டு மூன்று குச்சிகளில் மட்டும் பூஞ்சணம் பிடித்த மாதிரி ஒரு பச்சை இருந்தது. அதுவும் உற்றுப் பார்த்தால்தான். ஒரு குழந்தை, "எரியவே இல்லையே" என்றது. என் மூளை அந்த நேரத்தில் படு சுறுசுறுப்பாக வேலை செய்து, மூன்று கிளாஸ் பாடத்தை எடுத்து என் முன்னால் வைத்தது. குளிர். மலைக்குளிரில் வினை மெதுவாக நடக்கிறது. சூடு காட்டினால் சரியாகிவிடும். வெந்நீர் கொண்டுவாருங்கள் என்றேன்.

ஒரு வீட்டு அடுப்பிலிருந்து பெரிய பானை நிறைய வெந்நீர் வந்தது. குச்சிகளையெல்லாம் பாரியிலிருந்து உருவி அதில் போட்டு அகப்பையால் கிண்டினேன். ஆவியில் என் கண்ணாடி மூடிக்கொண்டது.

"முருங்கக்காயா வேக வைக்கிறீக? உப்புப் பாத்தீகளா?" என்று வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், எனக்கு அது ஒன்றுதான் நன்றாக வரும். பானைக்குள் நாலைந்து குச்சிகள் லேசாகக் கண்ணைத் திறந்தன. எடுத்து அவசரமாகப் பாரியில் செருகினேன். செருகிய கை விலகுவதற்குள் மூடிக்கொண்டன.

செல்லத்தாயி மட்டும் சிரிக்கவில்லை.

"ஒங்க பேச்சக் கேட்டுத்தான பெட்ரோமாக்ஸ வேணாம்னு சொன்னேன். இப்ப ஆத்தாகிட்ட இருட்டுலயா போறது?"

இருட்டில்தான் போனார்கள். யாரோ ஒருவர் கொண்டுவந்த டார்ச் முன்னால் போக, ஈரக் கல்லில் காலைத் தடவித் தடவி வைத்து அத்தனை பெண்களும் நடந்தார்கள். குலவை மட்டும் கேட்டது. போகும்போது செல்லத்தாயி தன் பாரியிலிருந்த குச்சியை உருவி, என்னைப் பார்க்காமலே என் கையில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் ஜீப்புக்கு நின்றபோது அவராக வந்தார். திட்டுவார் என்று குனிந்து நின்றேன். திட்டவில்லை.

"ஒங்க கூட்டாளி நல்ல குச்சியாத்தான் எடுத்துக் குடுத்தாகளா?" என்று கேட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. அதுவரை என்னை என்ன சொன்னாலும் வாங்கிக்கொண்டவன், ஜெபராஜைச் சொன்னதும் நிமிர்ந்துவிட்டேன். அவன் அப்படிப்பட்ட ஆளில்லை, குளிர்தான் காரணம் என்று வினைவேகமெல்லாம் விளக்கினேன். அவர் முழுக்கக் கேட்டார்.

"நாங்க குளிருக்குள்ளதான் பெறந்து கெடக்கோம். சரி, பாத்துப் போங்க" என்றார்.

அதற்குப் பிறகு அந்த லயத்துப் பக்கம் நான் போகவில்லை. சின்னமனூர் சந்தையில் அவர்கள் ஊர்ப் பெண்களைப் பார்த்தால் அடுத்த சந்துக்குள் நுழைந்துவிடுவேன். ஒருத்தி மட்டும் என்னைப் பிடித்து, முருங்கைக்காய் என்ன விலை என்று கேட்டாள்.

ஜெபராஜிடம் வந்து நடந்ததைச் சொன்னபோது அவன், "அடடா, குளிரா மாப்ள" என்று உச்சுக்கொட்டினான். டீ வாங்கிக் கொடுத்தான். பிறகு எனக்கு வாத்தியார் வேலை கிடைத்தது. வினைவேகமும் வெப்பநிலையும் என்கிற பாடம் வரும்போதெல்லாம் மேகமலைக் கதையைச் சொல்வேன். ஒவ்வொரு வருடமும், புதுப் புதுப் பிள்ளைகளுக்கு. குளிரில் குச்சிகள் எரியாமல் போனதையும் நான் பானையில் போட்டுக் கிண்டியதையும் கேட்டு வகுப்பே குலுங்கும். மற்றதெல்லாம் மறந்தாலும் அதை மட்டும் பரீட்சையில் சரியாக எழுதுவார்கள். என் வாழ்க்கையிலேயே நான் உருப்படியாக நடத்திய பாடம் அதுதான் என்று நினைத்திருந்தேன்.

இப்போது வரவேற்புக்கு வாருங்கள். பந்தியில் ஜெபராஜ் கோட்டும் சூட்டுமாக வந்து என் தோளில் கையைப் போட்டான். பிள்ளைகள் கையிலெல்லாம் பச்சை வளையல் மின்னுவதைப் பார்த்ததும் அவனுக்குப் பழைய ஞாபகம் வந்திருக்க வேண்டும். பக்கத்திலிருந்த சம்பந்தியிடம் என்னைக் காட்டினான்.

"இவரு பெரிய விஞ்ஞானி சம்பந்தி. வீரபாண்டிக்குப் புதுப் பெட்டிய எடுத்துக்கிட்டு, மாடியில கெடந்த பெட்டியத் தூக்கி இவரு கையில குடுத்து மலைக்கு ஏத்திவிட்டேன். அங்கன போயி வெந்நி போட்டுக் குச்சிய அவிச்சிருக்காரு."

சம்பந்திக்குப் புரையேறியது. பந்தியே சிரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாக நான்தான் சிரித்தேன். இலையில் ஐஸ்கிரீம் கரைந்து ரசத்தோடு சேர்ந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவனுக்காக நானே வக்கீலாக வாதாடினேன். பெட்டி மாடியில் கிடந்தது அவனுக்குத் தெரியும், சரி. ஆனால் கிடந்ததால் செத்துப்போயிருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டுமா என்ன? கடைக்காரன். அவசரத்தில் கைக்கு வந்த பெட்டி. உண்மையிலேயே குளிர்தான் அணைத்திருக்கலாம். இந்தக் கடைசி வாதத்தைச் சோதிக்கத்தான் வளையலை ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் வைத்தேன். எங்கள் ஃபிரிட்ஜை விட மேகமலைச் சித்திரை குளிராக இருக்காதே. தலையை விட்டுப் பார்த்தேன். தோசை மாவுக்கும் புளிக்குழம்புக்கும் நடுவில், கொஞ்சம் மங்கலாக, ஆனால் பச்சையாக, அது பாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. குளிர் நிரபராதி. இத்தனை வருடமாக ஒவ்வொரு வகுப்பிலும் அதன்மேல் பழி போட்டிருக்கிறேன்.

அந்த ஃபேன்சி ஸ்டோர் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. தகரக் கொட்டகை போய் மாடியில் ஏ.சி. ஹால். ஏலக்காய் மண்டியும் இடம் மாறிவிட்டது. அந்தத் தெருவில் நின்று மூச்சை இழுத்தால் பிரியாணி வாசனைதான் வருகிறது. மேகமலைக்கு நல்ல ரோடு போட்டுவிட்டார்கள். அந்த லயத்தில் பாதி வீடுகள் பூட்டிக் கிடப்பதாகவும், முளைப்பாரியில் இப்போது பேட்டரி பல்பு செருகுவதாகவும் அந்தப் பக்கத்துப் பழைய மாணவன் ஒருவன் சொன்னான். செல்லத்தாயி மகனோடு திருப்பூருக்குப் போய்விட்டாராம். அவரிடம் சொல்ல எனக்கு இப்போது ஒரு பதில் இருக்கிறது. கேட்கத்தான் அவர் அங்கே இல்லை. வருகிற வருடம் அந்தப் பாடத்துக்கு நான் என்ன கதை சொல்வேன் என்றும் தெரியவில்லை.

ஃபிரிட்ஜை மூடிவிட்டு, போர்வையோடேயே ஜெபராஜுக்குப் போன் போட்டேன். கல்யாண வீட்டுக் களைப்பில் குரல் கரகரத்தது. சாப்பாடு பிரமாதம் என்றேன். பொண்ணு மாப்பிள்ளை நல்ல ஜோடி என்றேன். பிறகு, சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். பெட்டி மாடியில கெடந்தது சரி மாப்ள, அது செத்துப்போன பெட்டின்னு ஒனக்கு எப்படித் தெரியும், தெரிஞ்சிருக்காதுல்ல, என்று.

"நீதான மாப்ள சொல்லிக் குடுத்த."